யாருக்குத் திடீர்?

அண்மைக்காலக் கதைகளிலும் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் ஒரு காட்சி அடிக்கடி வருகின்றது. எங்கோ ஒரு கற்பனை உலகம். அதில் இரு பேரரசுகள். ஒன்றின் கடற்படைத் தளத்தில், விடியற்பொழுதில், போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. மாலுமிகள் துயில்கின்றனர். முகிலைக் கிழித்துக்கொண்டு பகை விமானங்கள் வருகின்றன. சில நிமிடங்களில் துறைமுகம் தீப்பிழம்பாகின்றது. உயிர் தப்பிய இளம் விமானி ஒருவன் எரியும் கப்பல்களைப் பார்த்துச் சூளுரைக்கின்றான். எஞ்சிய கதை முழுவதும் பழிவாங்கும் கதை.

இக்காட்சியை எம்மிளைஞர் விரும்பிப் படிக்கின்றனர், பார்க்கின்றனர். எழுதத் தொடங்கியுள்ளோர் சிலர் அதனைத் தம் கதைகளுக்கும் கடன் வாங்குகின்றனர். கற்பனையே கூடாது என்போர் கட்சியில் நாம் இல்லை. இல்லாத நாடொன்றைப் படைத்து, இருக்கும் நாட்டின் அநீதியைக் காட்டுவது இலக்கியத்தின் பழைய உரிமை. ஆயின், கற்பனைத் துறைமுகமும் உண்மைத் துறைமுகங்களின் கற்களைக் கொண்டே கட்டப்படுகின்றது. எக்கல்லை எடுத்தார்கள், எக்கல்லை எறிந்தார்கள் என்று கேட்பது வாசகனின் உரிமை; கேட்கப் பழக்குவது ஆசிரியனின் கடமை.

இக்காட்சியினுள்ளே மூன்று பொய்கள் பொதிந்துள்ளன என்பது எமது குற்றச்சாட்டு. தாக்குதல் எவரும் எதிர்பாராதது என்பது முதலாவது. தாக்கப்பட்ட தளம் இயற்கையாகவே அப்பேரரசுக்குச் சொந்தமானது, அது அங்கே ஏன் இருக்கின்றது என்ற கேள்விக்கே இடமில்லை என்பது இரண்டாவது. சீருடை அணிந்தோரே மாண்டனர், அவர்களுக்காகப் பழிவாங்கிவிட்டாற் கணக்குத் தீர்ந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம். அதற்குத் தொலைவிலுள்ள நாடுகளை மட்டும் நாடவேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி வியாழக்கிழமை காலை, எமது திருகோணமலையின் மீதே குண்டுகள் விழுந்தன.

முதலிற் ‘திடீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1807இல் பிரித்தானியக் கடற்படை, போரில் எப்பக்கமும் சேராதிருந்த தென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகன் மீது குண்டு பொழிந்து, அந்நாட்டின் கப்பற் படையைக் கவர்ந்து சென்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நகரமக்கள் மாண்டனர். பிரித்தானிய வரலாற்று நூல்கள் அதனை முன்னெச்சரிக்கை என்று எழுதின. 1904 பெப்ரவரியில் யப்பானியர், முறைப்படி போர்ப் பிரகடனம் செய்யுமுன்னரே, ஆதர் துறைமுகத்தில் நின்ற ருசியக் கப்பல்களை இரவோடிரவாகத் தாக்கினர். யப்பான் அப்போது பிரித்தானியாவின் உடன்படிக்கை நாடு. ஆகவே இலண்டனிற் பாராட்டே மிகுந்திருந்தது. 1940 நவம்பர் 11ஆந் திகதி இரவு, பிரித்தானியரின் 21 விமானங்கள் இத்தாலியின் தரந்தோத் துறைமுகத்தில் நின்ற மூன்று பெரும் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன. அது வீரசாகசமாயிற்று. 1941 டிசம்பர் 7ஆந் திகதி ஞாயிறு காலை, அதே முறையை யப்பானியர் ஹவாயின் பேர்ள் துறைமுகத்திற் கையாண்டபோது அது இழிசெயலாயிற்று. ஒரே செயல், செய்தவன் நம்மவனாயிற் சாதுரியம், மாற்றானாயின் நயவஞ்சகம். பேரரசுகளின் அகராதி இவ்வாறே எழுதப்படுகின்றது.

பேர்ள் துறைமுகத் தாக்குதல் உண்மையில் எவரும் நினைத்துப் பாராததா? 1932 பெப்ரவரி 7ஆந் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கடற்படையின் சொந்த விமானங்களே இரு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்து, விடியற்காலையிற் பேர்ள் துறைமுகத்தைப் போலியாகத் தாக்கின. அஃது ஒரு போர்ப் பயிற்சி. அட்மிரல் யார்னெல் என்பார் அதனை நடத்தினார். ஆக, அத்துறைமுகத்தின் மீதான முதலாவது வான்தாக்குதல் ஒரு கற்பனைத் தாக்குதலே. அதனைக் கற்பனை செய்தவர்களும் அதன் உடைமைக்காரர்களே. அதற்கும் முன்னர், 1925இல், பைவாட்டர் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர், யப்பானுக்கும் அமெரிக்காவுக்குமிடையிற் பசிபிக் சமுத்திரத்தில் நிகழப்போகும் போரைப் பற்றி ஒரு கதைநூலே எழுதி வெளியிட்டிருந்தார். தரந்தோத் தாக்குதலின் பின் யப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவர் அவ்விடத்துக்கு நேரிற் சென்று ஆராய்ந்தார். 1941 ஜூலையில் அமெரிக்கா யப்பானின் சொத்துக்களை முடக்கிற்று. தொடர்ந்து எண்ணெயும் நிறுத்தப்பட்டது. யப்பான் தன் எண்ணெயிற் பெரும்பகுதியை அமெரிக்காவிடமே வாங்கிவந்த நாடு. எண்ணெய்க்கும் றப்பருக்கும் ஈயத்துக்குமாக இரு கொள்ளையர் ஒரே வீட்டின் வாசலில் வந்து நிற்கும்போது அடிதடி மூண்டால், அதனைத் திடீர் என்பது எவ்வாறு பொருந்தும்?

இனித் திருகோணமலைக்கு வருவோம்.

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. வீழவே வீழாது என்று பறைசாற்றப்பட்ட கோட்டை ஏறத்தாழ ஒரு வாரப் போரிற் சரணடைந்தபின், பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்கு இலங்கையே ஒதுங்குமிடமாயிற்று. யப்பானியர் ஏப்ரல் முதலாந் திகதி அளவில் இலங்கையைத் தாக்குவர் என்ற தகவல் மார்ச் மாத இறுதியிலேயே அட்மிரல் சோமவில்லுக்குக் கிட்டியிருந்தது. அவர் கப்பல்களைக் கடலுக்குக் கொண்டுசென்று காத்திருந்தார்; ஒன்றும் நிகழாமை கண்டு மாலைதீவின் அட்டுத் தீவுக்குத் திரும்பினார். ஏப்ரல் 4ஆந் திகதி, பேர்ச்சால் என்னுங் கனேடிய விமானி இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அச்செய்தி கரைக்கு வந்து சேர்ந்தது. அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது.

மறுநாள், உயிர்த்த ஞாயிறு. நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. வருகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்திருந்தும், இரத்மலானையிற் போர் விமானங்கள் தரையில் நின்றவேளையிலேயே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். கடலில் டோர்செற்சயர், கோர்ண்வோல் என்னும் இரு பெருங் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன; அவற்றில் மாத்திரம் 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 8ஆந் திகதி யப்பானியப் படை மீண்டும் காணப்பட்டது. இம்முறை இலக்குத் திருகோணமலை என்பதைக் கட்டளைத் தலைமையகம் உணர்ந்தது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று கேட்கவேண்டும். கப்பல்கள் முதல்நாள் இரவே வெளியேறின. இறங்குதுறையிற் சுமை சுமந்தவன் எங்கே வெளியேறினான்? சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களிடையே வேலை செய்தவனுக்கும், குடாவில் வலை வீசியவனுக்கும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளுக்கும் அந்த இரவில் யார் என்ன சொன்னார்கள்? தலைமையகத்துக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவனைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுச் சென்றால், அதற்குத் திடீர்த் தாக்குதல் என்று பெயர் வைப்பது மரியாதையானதொரு மூடுதிரை. திடீர் என்பது காலத்தைக் குறிக்கும் சொல்லன்று. அறிவைப் பங்கிடும் முறையைக் குறிக்கும் சொல். அரிசியைப் போல, காணியைப் போல, செய்தியும் வர்க்கத்துக்கேற்பவே பங்கிடப்படுகின்றது.

காலை ஏழரை மணியளவிற் குண்டுகள் விழத் தொடங்கின. விமானத்தளமும் துறைமுகமும் தாக்கப்பட்டன. சகாயிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றியது. எண்ணெய்க் குதமொன்று எரிந்தது. முதல்நாள் இரவு வெளியேறிய கப்பல்களுக்கும் விமோசனம் இருக்கவில்லை என்பதையுஞ் சொல்லவேண்டும். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பல் என்று பெயர்பெற்ற ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கடலில், தன் தளத்தில் ஒரு போர்விமானமுமின்றி அகப்பட்டு மூழ்கிற்று. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய வம்பயரும் உடன் மூழ்கிற்று. கப்பலுக்குள் நிலக்கரியும் எண்ணெயும் எரித்த மாலுமியும் ஏழை வீட்டுப் பிள்ளையே. நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கால இடுகாட்டில் அத்தகையோரின் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டிருப்பதில் எமக்குக் குறைபாடில்லை. அக்கற்களை ஒழுங்காகப் பேணுவதிலுங் குறைபாடில்லை. அவற்றின் பக்கத்திலே துறைமுகக் கூலிக்கும் ஒரு கல் வேண்டும் என்பதே எமது வழக்கு.

இரண்டாவது பொய்க்கு வருவோம். தளம் யாருடையது?

கோணேசர் கோயிலை இடித்த கல்லிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தனர். பிரெஞ்சுக்காரர் வந்து போயினர். 1795இற் பிரித்தானியர் கைப்பற்றினர். ஒவ்வொரு கொடியும் முந்திய கொடியைப் பீரங்கியால் இறக்கியே ஏறிற்று. இவற்றுள் ஒருதடவையாயினும் குடாவின் கரையில் வாழ்ந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டதா? பேர்ள் துறைமுகத்தின் கதையும் இதுவே. சிப்பிகள் விளைந்த அக்குடாவை ஹவாய் மக்கள் முத்து நீர் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1887இல் அமெரிக்கா அதனைத் தன் கடற்படைக்கெனத் தனியுரிமையாகப் பெற்றது. 1893இல், கரும்புத் தோட்டங்களின் செல்வாக்கோடு பிணைந்திருந்த ஒரு கூட்டத்தார், அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, அந்நாட்டின் அரசியைப் பதவியிலிருந்து கவிழ்த்தனர். 1898இல் நாடே இணைக்கப்பட்டது. நான்கு தசாப்தங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தின் பின், அதே குடா தாக்கப்பட்டபோது, தாக்கப்பட்டது அமெரிக்கா என்றே உலகம் படித்தது. ஹவாய் மக்களின் பெயர் பாடத்தில் எங்கே?

கற்பனை உலகக் கதையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. துறைமுகம் முதற்பக்கத்திலேயே கட்டி முடிக்கப்பட்டு நிற்கின்றது. அதனைக் கட்டிய கைகள் இல்லை. அதற்காகப் பறிக்கப்பட்ட காணி இல்லை. மதில்களுக்கு வெளியே ஒரு சேரி இல்லை. ஏகாதிபத்தியம் தன்னைக் குறித்து எவ்வாறு கனவு காண விரும்புகின்றதோ, அவ்வாறே அது கனவாகக் காட்டப்படுகின்றது.

மூன்றாவது பொய்யே மிகக் கொடியது. மாண்டோரின் கணக்கு அது.

கொழும்பிற் குண்டு விழுந்த மறுகணமே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு ஓடினர். துறைமுகத் தொழில் தடைப்பட்டது. கடைகள் பூட்டப்பட்டன. பர்மாவின் அரிசியை நம்பியிருந்த நாட்டில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பனும் சங்கக் கடையும் ஏழையின் நாட்குறிப்பாயின. மலாயாவின் தோட்டங்கள் கைநழுவிப் போனபின், இலங்கையின் றப்பர் மரங்கள் பட்டுப்போகும்வரை வெட்டிப் பால் எடுக்கப்பட்டன. பட்டுப்போனது மரம் மட்டுமா? அந்த மரத்தைச் சீவியவரின் உழைப்பை யார் அளந்தார்கள்?

அதே வாரத்திலேயே விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. யப்பானியர் வங்கக் கரையில் இறங்குவர் என்ற அச்சத்தால், அவர்களுக்குக் கிடைக்கக்கூடாது என்று வங்காளத்தின் கரையோர மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான படகுகளை அரசாங்கம் பறித்தது அல்லது அழித்தது, நெல்லையும் அகற்றியது. வங்காளத்தின் நதிக்கரைக் குடியானவனுக்குப் படகே வண்டி, படகே ஏர், படகே வாழ்வு. 1943இன் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம். குண்டு விழாத கிராமங்களிற் குண்டினால் மாண்டவர்கள் இவர்கள். எந்தக் கற்பனைப் போர்க் கதையில், எந்த விமானி இவர்களுக்காகச் சூளுரைத்தான்?

ஹவாயிலுங் கணக்கு இவ்வாறே விரிகின்றது. மாண்ட 2,403 பேருள் 68 பேர் பொதுமக்கள்; அவர்களிற் பலரைக் கொன்றது அமெரிக்கரே சுட்ட விமான எதிர்ப்புக் குண்டுகள். அதன்பின் அமெரிக்காவின் மேற்குக் கரையில், யப்பானிய வம்சத்தில் வந்த ஒரே குற்றத்துக்காக ஏறத்தாழ 1,20,000 பேர் முட்கம்பி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள். பழிவாங்கல் எனுங் கதாநாயகன் முதலில் வெட்டுவது கடலுக்கு அப்பாலுள்ள எதிரியை அன்று, அடுத்த வீட்டுக்காரனை.

காப்பாற்றுவோம் என்று வந்தவர்களின் நிலை என்ன? தாக்குதலின் பின் பிரித்தானியக் கடற்படையின் பிரதான பகுதி ஆபிரிக்காவின் கிழக்குக் கரைக்கு, கிலிண்டினித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. இலங்கையர் போகவில்லை. போக இடமும் இல்லை. அடுத்த மாதமே, கொக்கோஸ் தீவிற் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினருட் சிலர் பிரித்தானிய மேலதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிறேசியன் பெர்னாந்தோ முதலிய மூவர் 1942 ஆகஸ்டிற் தூக்கிலிடப்பட்டனர். அப்போரிற் பிரித்தானியப் பொதுநலவாயப் படைகளிற் கலகக் குற்றத்துக்காக உயிரிழந்தோர் இவர்கள் மூவருமே. ஹேர்மிசின் கதை அறிந்த மாணவன் இம்மூவரின் கதையை அறியாதிருப்பது தற்செயலன்று.

இவ்வளவுஞ் சொன்னதும் ஒரு கேள்வி எழும். “அப்படியாயின் யப்பானியரை வரவேற்றிருக்க வேண்டும் என்கிறீர்களா?” இக்கேள்வியை நேர்மையாகக் கேட்போரும் உளர், எமது வாயை அடைக்கக் கேட்போரும் உளர். இருவருக்கும் விடை ஒன்றே: இல்லை. 1937இல் நாஞ்சிங்கில் யப்பானிய இராணுவம் செய்ததை அறிந்த எவனும் அதனை ஆசியாவின் விடுதலைப்படை என்று கூறான். சயாம்-பர்மா ரயில்பாதையில், மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொலராவாலும் பட்டினியாலும் மாண்டனர். ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கத்தின் உட்பொருளை எமது மக்களே தண்டவாளத்தின் கீழ்க் கிடந்து கண்டனர். யப்பானிய இராணுவ வெறியை முறியடிக்க வேண்டியிருந்தது. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், ஒரு கொள்ளையனை எதிர்க்க மற்றக் கொள்ளையனின் உறுதிப்பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது எந்த நியாயம்? அந்நாளிலே போரைப் பற்றி இடதுசாரிகளிடையே கடும் கருத்து வேற்றுமை இருந்தது. 1940இற் சிறையிடப்பட்ட சமசமாசத் தலைவர்கள் அதே 1942 ஏப்ரலிற் கண்டிப் போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினர். சோவியத் நாடு தாக்கப்பட்டபின் போரை ஆதரித்தோரும் இருந்தனர். அவ்விவாதம் இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் இருசாராரும் ஒன்றை அறிந்திருந்தனர்: திருகோணமலை இலங்கை மக்களுக்குரியது.

யப்பானிய விமானியையும் மறவாதிருப்போம். கொழும்பையும் திருகோணமலையையுந் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் மூன்று, இரண்டே மாதங்களின் பின் மிட்வேக் கடலின் அடியிற் கிடந்தன. அவற்றிலே எரிந்தோரும் பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளே. பழிவாங்கற் கதை அவர்களை முகமற்ற பூச்சிகளாக்குகின்றது. நாம் அவ்வாறு ஆக்க மறுக்கின்றோம்.

இவையெல்லாம் பழங்கதை என்பார் இருப்பர். 1957 ஒக்டோபரிற் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது உண்மை. அது மக்கள் இயக்கங்களின் கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி. எனினும் அந்த எண்ணெய்க் குதங்கள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. 2003இல் அவை இந்திய எண்ணெய் நிறுவனமொன்றின் கைக்குப் போயின; 2022 ஜனவரியில், எஞ்சியிருந்த 99 குதங்களையும் பங்கிட்டுப் புதிய ஒப்பந்தம் செய்யப்பட்டது. கொடிகள் மாறின, குடாவின் மீது விழும் பார்வை மாறவில்லை. பேர்ள் துறைமுகத்தின் மேலே, அப்போர்க் காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த எரிபொருட் குதங்களிலிருந்து 2021இற் கசிவு ஏற்பட்டு, மக்கள் அருந்தும் நீரிலேயே எண்ணெய் கலந்தது. குண்டு விழுந்து எண்பது ஆண்டுகளின் பின்னரும் தளம் தன் அயலாரை நோயாளராக்கிற்று. ஆகவே இது பழங்கதையன்று.

எழுத்தாள நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது. கற்பனை உலகத்தைப் படையுங்கள். அதன் கடற்படைத் தளத்தை விமானங்கள் தாக்கட்டும். ஆனால் அத்தளத்துக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். வருகின்ற செய்தியை முதலில் அறிந்தவன் யார், கடைசிவரை அறியாதவன் யார் என்று எழுதுங்கள். எரியுங் கப்பலைப் பார்க்கும் விமானியின் கண்ணீரை எழுதும் பேனாவினாலேயே, மறுவாரம் அரிசி வரிசையில் நிற்கும் தாயையும் எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பட்ட கற்பனை எந்த ஆவணத்துக்குங் குறைந்ததன்று.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வகுப்பிலே இப்பாடம் வரும்போது, கப்பல்களின் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். கிழக்கு மாகாணத்து மாணவனாயின், வீட்டிலுள்ள மிக முதியவரிடம் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள்: அந்தக் காலையைப் பற்றித் தாயும் தகப்பனும் என்ன சொன்னார்கள், யார் ஓடினார்கள், யார் திரும்பவில்லை, யாருடைய காணி விமானத்தளத்துக்குப் போனது? நேரிற் கண்டோர் ஏறக்குறைய மறைந்துவிட்டனர், கேட்டோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். மாணவர் கொண்டுவரும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். துறைமுகக் கூலிக்குக் கல் நாட்ட அரசுகள் முன்வரும்வரை, அக்கொப்பியே அவனது நடுகல்லாக இருக்கட்டும்.